ஆச்சு என்று சொன்ன வாய்

கருங்குட்டையில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் பிறந்த யாரைக் கேட்டாலும், இந்த உலகத்தில் அவர்களை முதலில் தொட்ட கை ஞானப்பூவம்மாளின் கையாகத்தான் இருக்கும். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற ரயில் பாதையை ஒட்டிக் கிடக்கும் ஊர் அது. பாதிப் பேர் வேதக்காரர்கள் என்கிற கிறிஸ்தவர்கள், பாதிப் பேர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். பிள்ளை வலி வந்துவிட்டால் இரண்டு பாதிக்கும் ஒரே ஆள்தான். புருஷன் ரயில்வேயில் கேங்மேனாக இருந்து காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபின், விழுப்புரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆறு மாதம் பாடம் படித்து வந்தவள். கறுத்த, அகலமான பெண்பிள்ளை. இடது தோளில் ஒரு காக்கித் துணிப்பை எப்போதும் தொங்கும்.

அந்தப் பையில் கத்தரிக்கோல், நூல்கண்டு, டெட்டால் எல்லாம் இருக்கும். அவற்றோடு ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் மாதா கோயில் தீர்த்தமும் இருக்கும். நடக்கும்போது தக்கை கழன்று தண்ணீர் சிந்திவிடக் கூடாது என்று புட்டியின் வாயில் மெழுகு உருக்கி ஊற்றி மூடியிருப்பாள். பிறந்த பிள்ளை பிழைக்காது என்று தெரிந்தால் பூசை வைக்கிற சாமியார் வரும்வரை காத்திருக்க முடியாதல்லவா? அப்படிப்பட்ட ஆபத்தில் யார் வேண்டுமானாலும் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றி, உரிய வார்த்தைகளைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுக்கலாம். அதை வேதக்கார வீடுகளில் ஞானப்பூவம்மாள்தான் செய்தாள். அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் அவளே ஞானத்தாய்.

இது சின்னக் காரியமில்லை. தண்ணீர் பட்டுச் செத்த பிள்ளை நேரே மோட்சத்துக்குப் போய்ச் சம்மனசு, அதாவது தேவதூதன், ஆகிவிடும். அதைக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளே சிலுவை நட்டு அடக்கம் செய்வார்கள். தண்ணீர் படாமல் செத்த பிள்ளைக்கு மோட்சமும் இல்லை, நரகமும் இல்லை, எங்கேயோ பாலர் ஸ்தலம் என்று ஒன்று இருப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள். அதைக் கல்லறை வேலிக்கு வெளியே, சப்பாத்திக்கள்ளி ஓரமாகப் பொழுது விடியுமுன் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு, மணிகூட அடிக்காமல் வந்துவிடுவார்கள். பெற்றவள் அந்தப் பக்கம் திரும்பி அழவும் கூடாது. அந்தக் காலத்துச் சட்டம் அப்படி. சட்டத்துக்குக் கண் இல்லை, காதும் இல்லை.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு நாள், உச்சிப்பொழுது. அமலதாஸ் என்கிற தச்சரின் மனைவி இருதயசெல்விக்குத் தலைச்சன் பிரசவம். பிள்ளை நீலம் பூத்துப் பிறந்தது. ஆண் பிள்ளை. தாய்க்கு உதிரம் நிற்கவில்லை. ஞானப்பூவம்மாள் பிள்ளையை ஒரு துணியில் சுற்றி முறத்தில் போட்டுவிட்டுத் தாயோடு மல்லுக்கட்டினாள். அரை மணி நேரம். உதிரம் நின்றது. செல்வி பிழைத்தாள். அதில் ஞானப்பூவம்மாளைக் குறை சொல்ல எந்த நாக்கும் எழாது.

அதற்கப்புறம்தான் நடந்தது. முறத்தில் பிள்ளை இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கையைக் கழுவினாள். கதவிடுக்கு வழியாக யாரோ ஒரு குவளை காபியை நீட்டினார்கள். விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காத உடம்பு. வாங்கி, ஆற்றி, உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தாள். வெளியிலிருந்து அமலதாஸின் தாய் கேட்டாள்:

"ஞானஸ்நானம் ஆச்சா?"

"ஆச்சு" என்றாள் ஞானப்பூவம்மாள்.

வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை அது. அந்தக் கேள்விக்கு இருபது வருஷமாக அந்த வாய் அந்தப் பதிலைத்தான் சொல்லிப் பழகியிருந்தது. செபம் சொல்கிறபோதும் அப்படித்தான். ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் கையில் உருளும், மனசு பாட்டுக்குத் திண்டிவனம் சந்தையில் கருவாடு பேரம் பேசிக்கொண்டிருக்கும். அவள் மட்டுமா? நம்மில் பாதிப் பேர் அப்படித்தான். குவளையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். பிள்ளை செத்திருந்தது.

"சம்மனசாயிட்டான்" என்று பாட்டி அழுதாள். பாக்கியராஜ் என்று பெயர் சொன்னார்கள். சாயங்காலம் மணி அடித்துக் கல்லறைத் தோட்டத்துக்குள் அடக்கம் ஆயிற்று. வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தபோது புட்டி உருண்டது. மெழுகு உடையவில்லை. ஞானப்பூவம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாளே போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் மறுநாள் போனபோது செல்வி பாயில் படுத்தபடி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எம்புள்ளய மோட்சத்துக்கு அனுப்பிட்ட பெரீம்மா, அது போதும் எனக்கு" என்றாள். அதைக் கேட்டபிறகு எந்த வாயால் சொல்வது?

முதல் அறிகுறி ஒரு மாதம் கழித்து வந்தது. ரெட்டியார் தெருவில் ஒரு பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. வீறிட்டு அழுத பிள்ளை ஞானப்பூவம்மாள் கைக்கு வந்ததும் சட்டென்று ஓய்ந்தது. தலையைத் திருப்பி அவளுக்கு இடது பக்கம், பாதத்துக்கு அருகே தரையைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. பிறந்த பிள்ளைக்கு என்ன பார்வை தெரியும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த பிள்ளையும் அங்கேதான் பார்த்தது. அதற்கடுத்ததும்.

பிறகு அந்தச் சத்தம். கொளுத்துகிற வெயிலில், ரயில் கேட்டைத் தாண்டி ஆள் நடமாட்டம் இல்லாத பாதையில் போகும்போது, முதுகுக்குப் பின்னால் யாரோ சூடான காபியை ஆற்றி உறிஞ்சும் சத்தம் கேட்கும். திரும்பினால் பனைமரமும் கானலும்தான். நடந்தால் மறுபடி ஒரு உறிஞ்சல். அன்றிலிருந்து அவள் காபியைத் தொடவில்லை. "பித்தம்" என்று காரணம் சொன்னாள். ஊர் நம்பியது.

ஒரு மாற்றத்தை மட்டும் ஊர் கவனித்தது. ஆபத்து ஞானஸ்நானம் கொடுக்க வேண்டி வந்தால், அதன் பிறகு அவள் வீட்டு ஆம்பிளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்து, "பாத்துக்க, ஊத்துறேன், காதால கேட்டுக்க" என்று சொல்லிவிட்டுத்தான் ஊற்றினாள். பூசையில் நற்கருணை அப்பம் வாங்கப் போகமாட்டாள். "விடியக்காலம் பிரசவம், கஞ்சி குடிச்சிட்டேன்" என்பாள். உபவாசம் இல்லாமல் வாங்கக் கூடாதே, அதனால் யாரும் வற்புறுத்தவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கும் போவாள். கோபப்பட்டது, கோள் சொன்னது என்று சில்லறைப் பாவங்களை எல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, பெரிய பாவத்தை மட்டும் மடியில் பத்திரமாகக் கட்டிக்கொண்டு திரும்பி வருவாள். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். அவளுக்கு வழியெல்லாம் பயமாக இருந்தது.

ஆறாவது வருஷம் சக்கரபாணி வீட்டில் நடந்ததுதான் அவளை உலுக்கிவிட்டது. அவன் பெண்சாதி தையல்நாயகிக்கு நல்ல பகலில் ஆண் பிள்ளை. மாமியார் கெங்கம்மாள் வெந்நீர்ச் சட்டியோடு உள்ளே வந்தவள், பேரப்பிள்ளையின் கண் போகிற பக்கத்தைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"ஏம்மா, கூட யாரையாவது இட்டுக்கினு வந்தியா?"

"இல்லியே. ஏன்?"

"கொயந்த உன் முட்டிக்கு மேல யாரையோ பாக்குதே. பெரியவங்க மூஞ்சியப் பாக்குற மாதிரி இல்ல. சின்னப் புள்ளைங்க மூஞ்சியப் பாக்குற மாதிரி பாக்குது."

அப்போதுதான் ஞானப்பூவம்மாளுக்கு உறைத்தது. முதலில் தரையைப் பார்த்தன. அப்புறம் கணுக்கால், அப்புறம் முட்டி. வருஷத்துக்கு வருஷம் அந்தப் பார்வை உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அவன் வளர்ந்துகொண்டிருக்கிறான். தண்ணீர் படாத பிள்ளை, போக இடமில்லாமல், அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வளர்கிறான். அவளுக்கு அன்று வந்தது பயம் மட்டுமில்லை, ஐயோ பாவமே என்கிற அழுகையும் வந்தது. அதுதான் அவளைத் தின்றது.

அறுபத்தொன்றாம் வருஷம், ஈஸ்டருக்கு முந்திய தவசுக் காலத்தில் கருங்குட்டைக் கோயிலில் மூன்று நாள் ஞானஒடுக்கம் வைத்தார்கள். வருஷமெல்லாம் வயலும் மாடும் என்று சிதறிக் கிடக்கிற மனசைக் கூட்டிக்கட்டி மறுபடி கடவுள் பக்கம் திருப்புவதற்கான மூன்று நாள். விழுப்புரத்திலிருந்து ஒரு வயதான சாமியார் பிரசங்கத்துக்கு வந்திருந்தார். ஒல்லி, கண்ணாடி, கனைப்பு. சத்தம் போட்டு நரகத்தைக் காட்டுகிறவர் இல்லை. முதல் நாளே சொன்னார்: "உங்க வாய் தினமும் கோயிலுக்கு வருது. அத நான் பாத்துக்கினுதான் இருக்கேன். கூட யார் வர்றாங்கன்னு மட்டும் தெரியல."

மூன்றாம் நாள் சாயங்காலம் எல்லோரும் கையில் எரியும் மெழுகுத்திரியோடு நின்று, குழந்தையாக இருந்தபோது தங்களுக்காக ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் கொடுத்த வார்த்தைப்பாட்டைத் தங்கள் வாயாலேயே புதுப்பிக்க வேண்டும் என்று முதல் நாளிலேயே அறிவிப்பு ஆயிற்று. பசாசை, அதாவது சாத்தானை, விட்டுவிடுகிறாயா என்று சாமியார் கேட்பார், விட்டுவிடுகிறேன் என்று சொல்ல வேண்டும். இன்னொரு தடவை, கோயில் நடுவே, ஆண்டவர் முன்னால், ஆகாததை ஆச்சு என்று சொல்லச் சொல்கிறார்களே என்று ஞானப்பூவம்மாள் நினைத்தாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் சாமியார் உள்ளே உட்கார்ந்து கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் வலைக்கு முன்னால் முழங்கால் போட்டாள். எட்டு வருஷத்தையும் கொட்டினாள்.

"உன் பாவம் மன்னிக்கப்பட்டுது" என்றார் சாமியார். "அந்தப் பிள்ளை விசயம் ஆண்டவர் கையில. செத்தவங்களுக்கு ஞானஸ்நானம் குடுக்க எனக்கும் அதிகாரம் இல்ல, உனக்கும் இல்ல. தண்ணி இல்லாம அவர் என்ன செய்வார்னு நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

"பெத்தவகிட்ட சொல்லணுமா சாமி?"

"சொன்னா, புள்ள மோட்சத்துல இருக்கான்ற அவ ஆறுதல் போயிடும். சொல்லலன்னா உன் வாய் பொய் வாயாவே இருக்கும். நான் கட்டளை போட மாட்டேன். போயி முழு மனசா மாதாவுக்கு ஒரே ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லு. ஒன்னே ஒன்னு. எங்க இழுக்குதோ அங்க போ."

ஒரே ஒரு மந்திரம். அதை முழு மனசாகச் சொல்ல அவளுக்கு அன்று பொழுது சாய்கிற வரைக்கும் ஆயிற்று. பாதியில் மனசு ஓடும், பிடித்து இழுத்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். ஒருவழியாக ஆமென் வரைக்கும் வந்து சேர்ந்தபோது எங்கே போக வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

மறுநாள் உச்சிவேளையில் செல்வி வாசலில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பாக்கியராஜுக்குப் பிறகு அவளுக்கு இரண்டு பெண்கள், இரண்டும் பள்ளிக்கூடம் போயிருந்தன.

"வா பெரீம்மா. உக்காரு."

"உக்கார மாட்டேன் செல்வி. பாக்கியராசுக்கு நான் தண்ணி ஊத்தல."

"எந்தத் தண்ணி?"

"ஞானஸ்நானத் தண்ணி. ஊத்திட்டேன்னு சொன்னேன். ஊத்தல. நேரம் இருந்திச்சு. உயிர் இருந்திச்சு. நான் காபி குடிச்சிக்கினு இருந்தேன்."

செல்வியின் கை நிற்கவில்லை. இன்னும் நாலைந்து காய் உரித்தது. பருப்பைக் குப்பையிலும் தொலியை முறத்திலும் போட்டது.

"எட்டு வருசம் பொறுத்து எதுக்கு வந்து சொல்ற?" என்றாள். குரல் உயரவே இல்லை. "சாயங்காலம் மெழுகுத்திரி புடிக்கணும், அதுக்குத்தானே? உன் பாரத்த எறக்கி என் தலைல வெச்சிட்டு நீ நல்லா நிமிந்து நிக்கலாம்."

"ஆமா" என்றாள் ஞானப்பூவம்மாள். அவள் வாழ்நாளில் சொன்ன மிகக் கஷ்டமான உண்மை அதுதான்.

"இப்போ அவன் எங்க இருக்கான்?"

"ஆண்டவர் கையிலன்னு சாமி சொன்னாரு."

"சாமி சொன்னது இருக்கட்டும். நீ சொல்லு. நீதான அவன கடைசியா பாத்தவ."

ஞானப்பூவம்மாள் சொன்னாள். பிறக்கிற பிள்ளைகள் பார்ப்பதை, அந்தப் பார்வை வருஷா வருஷம் உயர்வதை, வெயிலில் பின்னால் வருகிற சத்தத்தை. செல்வி அலறுவாள், அடிப்பாள், ஊரைக் கூட்டுவாள் என்றுதான் நினைத்தாள். செல்வி எழுந்தாள். மடியிலிருந்த காய் சிதறியது. அருகே வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"எந்தப் பக்கம்?"

"இடப் பக்கம்."

செல்வி அந்தப் பக்கம் போய் நின்றாள். வெறும் வெயிலைப் பார்த்தாள். வலது கையை மெல்ல நீட்டி, காற்றில் ஒரு உயரத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"இவ்ளோ ஒசரமா?"

"இன்னும் கொஞ்சம்."

கை கொஞ்சம் மேலே போயிற்று. அங்கே நின்றது. ஒரு தலைமேல் வைத்த கை போலவே நின்றது. தெருவில் ஒரு கோழிகூட அசையவில்லை. செல்வியின் முகத்தில் பயத்துக்குப் பதிலாகப் பசி வந்திருந்தது. எட்டு வருஷமாகத் தன்னைத் துரத்துவதாக நினைத்தது வேறொருத்தியின் ஏக்கம் என்பது ஞானப்பூவம்மாளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"உன்ன நான் மன்னிக்கல" என்றாள் செல்வி. கையை எடுக்கவில்லை. "மன்னிப்பேனான்னும் தெரியல. ஆனா சாயங்காலம் கோயிலுக்கு வா. அவனையும் இட்டுக்கினு வா. நீதான அவனுக்கு ஞானத்தாயி? பசங்களுக்கு ஞானத்தாயிதான பதில் சொல்றது? உனுக்கு ஒரு தடவ சொல்லு. அவனுக்கு ஒரு தடவ சொல்லு."

"சாமி ஒத்துக்க மாட்டாருடி."

"சாமிய யாரு கேட்டா?"

நாலரை மணிக்குக் கோயில் நிறைந்துவிட்டது. ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம், முக்காடும் மெழுகுத்திரியுமாக. மேற்குச் சன்னல் வழியே வெயில் சாய்ந்து விழுந்து திரிகளின் சுடரை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஆக்கியிருந்தது. செல்வி வந்து ஞானப்பூவம்மாளின் இடது பக்கத்தில் நின்றாள். நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் விட்டு நின்றாள்.

"பசாசை விட்டுவிடுகிறீர்களா?"

"விட்டுவிடுகிறேன்" என்றது ஊர்.

அது அடங்கியபின் ஒரு குரல் தனியாக, "விட்டுவிடுகிறேன்" என்றது. தலைகள் திரும்பின. கிழவி தூங்கிவிட்டுச் சொல்கிறாள் என்று யாரோ சிரித்தார்கள். சாமியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். வலைக்கு அப்பாலிருந்து கேட்ட குரல் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டது ரகசியம், தெரிந்ததாக அவர் காட்டிக்கொள்ளவும் முடியாது.

"அதன் கிரியைகளை எல்லாம் விட்டுவிடுகிறீர்களா?"

"விட்டுவிடுகிறேன்."

இந்தத் தடவை பின்னால் வந்தது இரண்டு குரல். செல்வியும் சேர்ந்துகொண்டாள். ஆண்கள் பக்கத்தில் அமலதாஸ் தலையைக் குனிந்தார். மத்தியானமே செல்வி சொல்லி அவருக்கு விஷயம் தெரியும். சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். இருவருக்கும் நடுவில் விட்டிருந்த இடத்தைப் பார்த்து, அது செத்த பிள்ளைக்கான பதில் என்று பெண்கள் புரிந்துகொண்டார்கள்.

"அதன் ஆடம்பரங்களை எல்லாம் விட்டுவிடுகிறீர்களா?"

"விட்டுவிடுகிறேன்."

சாமியார் மேலே படிக்கவில்லை. புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஞானப்பூவம்மாள் வாயைத் திறந்தாள். வாய் சொல்லப் போவதை அன்றைக்கு அவள் மனசு முழுசாக நின்று கேட்டது. அவள் சொன்னாள், செல்வி சொன்னாள். தூணருகே இருந்து சவரியம்மாள் சொன்னாள், எட்டாம் மாதத்தில் செத்துப் பிறந்த பெண் பிள்ளையைக் கள்ளி ஓரம் கொடுத்தவள். சுவரோரமிருந்து, இரட்டைப் பிள்ளையைப் பறிகொடுத்த அந்தோணியம்மாள் சொன்னாள். பின்வரிசையிலிருந்து, பல்லில்லாத ஒரு கிழவி சொன்னாள். அவளுக்கு அப்படி ஒரு பிள்ளை இருந்ததே அந்தக் கோயிலில் உயிரோடிருந்த ஒருவருக்கும் தெரியாது. ஒவ்வொருத்தியாக, அழாமல், உரக்க, தங்கள் பிள்ளைக்காகச் சொன்னார்கள். ஆண்கள் யாரும் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை.

கடைசிக் குரல் ஓய்கிறவரை சாமியார் காத்திருந்துவிட்டு, "ஆமென்" என்றார்.

பீடத்தருகே நின்ற உபதேசியார் எண்ணிப் பார்த்திருக்கிறார். ஊர் சொல்லி முடித்தபின் தனியாகச் சொன்னது மொத்தம் பதினொரு பெண்கள் என்று அவர் பிற்பாடு சொன்னார். செல்வி, நடுவிலிருந்து வந்ததையும் சேர்த்து, பன்னிரண்டு குரல் என்றாள். ஞானப்பூவம்மாளைக் கேட்டதற்கு, எனக்கு எண்ணத் தோன்றவில்லை என்று சொல்லிவிட்டாள்.